வேட்பாளர் செலவும் கட்சிச் செலவும்: கன்வர் லால் குப்தா தீர்ப்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

இந்தியத் தேர்தல்களில் கறுப்புப் பணம் புகுந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1969இல் தொடங்குகிறார்கள். அரசியல் கட்சிகளுக்குக் கம்பெனிகள் நன்கொடை தரலாகாது என்று கம்பெனிகள் சட்டத்தின் 293ஏ பிரிவு விதித்த ஆண்டு அது. அதுவரை காசோலையாக வந்த பணம் பிறகு ரொக்கமாக வந்தது. எனவே நோயின் வேர் வரவுப் பக்கத்தில் இருக்கிறது, மருந்தும் அங்கேதான் வேண்டும் என்பது இவர்கள் வாதம். தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்த 2024 பிப்ரவரி 15 தீர்ப்பு பற்றிய விவாதமும் ஏறக்குறைய இதே தடத்தில்தான் நடக்கிறது. கொடுத்தவர் யார், எவ்வளவு கொடுத்தார், வாக்காளருக்கு அதை அறியும் உரிமை உண்டா ஆகியவையே அங்கு எழும் கேள்விகள்.

இந்த வாதத்தை முற்றாகத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் ஒரு நெருடல் இருக்கிறது. 1969இன் தடை 1985இல் நீக்கப்பட்டது. சராசரி நிகர லாபத்தில் ஐந்து விழுக்காடு வரை கம்பெனிகள் நன்கொடை தரலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. தடைதான் காரணம் என்றால், தடை போன பிறகு கணக்கில் வராத பணம் ஓரளவேனும் குறைந்திருக்க வேண்டும். ஆனால் 1990இல் கோஸ்வாமி குழுவும் 1998இல் இந்திரஜித் குப்தா குழுவும் பணத்தின் ஆதிக்கத்தைக் கவலையோடுதான் ஆராய்ந்தன. கணக்கில் வராத பணம் தேவைப்படுவதற்கு, அதைக் கணக்கில்லாமல் செலவழிக்க ஓர் இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தைச் சட்டமே 1974இல் ஏற்படுத்திக் கொடுத்தது என்பது இக்கட்டுரையின் துணிபு. அதை நிறுவ, கன்வர் லால் குப்தா – அமர்நாத் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974 அக்டோபர் 3 அன்று அளித்த தீர்ப்பை வழக்கமான வாசிப்பிலிருந்து மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது.

தீர்ப்பு சொன்னது என்ன?

1971 மக்களவைத் தேர்தலில் டெல்லி சதர் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சாவ்லா வென்றார். தோற்ற ஜனசங்க வேட்பாளர் கன்வர் லால் குப்தா வழக்குத் தொடுத்தார். அன்று அத்தொகுதிக்கான செலவு உச்சவரம்பு 10,000 ரூபாய். தொகுதிக்குள் நடந்த பொதுக்கூட்டங்களுக்கு ஆன செலவு, அதாவது மேடை, ஒலிபெருக்கி, விளக்கு போன்றவற்றின் செலவு, யார் கணக்கில் சேரும் என்பதே வழக்கின் மையம். கட்சி செய்த செலவு தன்னுடையதல்ல என்றார் வெற்றி பெற்றவர். நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பு அதை ஏற்காமல் தேர்தலைச் செல்லாது என்று அறிவித்தது.

இத்தீர்ப்பிலிருந்து எப்போதும் எடுத்தாளப்படுவது ஒரு பகுதிதான்: பணபலம் மிக்க கட்சிக்கு வரம்பற்ற செலவை அனுமதித்தால் சாதாரணக் குடிமகனுக்குத் தேர்தலில் இடமில்லாமல் போகும், தேர்தலுக்கு முன் பெற்ற நன்கொடை தேர்தலுக்குப் பின் கைம்மாறாகத் திரும்பும் என்ற எச்சரிக்கை. சொல்வன்மை மிக்க பகுதி அது. ஆனால் அதையே தீர்ப்பின் உயிராகக் கொண்டதால் வந்த விளைவு ஒன்று உண்டு. நீதிமன்றம் கட்சிச் செலவு முழுவதையும் வேட்பாளர் தலையில் கட்டியது, சட்டத்தில் இல்லாததைப் புகுத்தியது, ஆகவே நாடாளுமன்றம் அதைத் திருத்த நேர்ந்தது என்ற வாசிப்பு வலுப்பெற்றுவிட்டது.

தீர்ப்பின் தர்க்கம் அப்படியில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 77ஆம் பிரிவு, வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ செய்த செலவை மட்டுமல்ல, அவர்கள் அதிகாரமளித்துப் பிறர் செய்த செலவையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. நீதிமன்றம் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாம் கூறை. கட்சி தன் கொள்கையைப் பொதுவாகப் பரப்பச் செய்யும் செலவை அது வெளியே வைத்தது. ஒரு குறிப்பிட்ட வேட்பாளரின் வெற்றிக்கென்றே அடையாளம் காணத்தக்க செலவைக் கட்சி செய்கிறது, வேட்பாளர் அதை அறிந்திருக்கிறார், அதில் பங்கேற்கிறார் அல்லது அதன் பலனை ஏற்கிறார், மறுத்து ஒதுக்கவில்லை. இந்நிலையில் அவர் மறைமுகமாக அதிகாரமளித்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. ஆக, செலவழித்தவர் யார் என்பதை விட, செலவுக்கும் வேட்பாளருக்கும் உள்ள பிணைப்பு என்ன என்பதே நீதிமன்றத்தின் கேள்வி.

முந்தைய தீர்ப்புகளோடு இது முரண்படுகிறது என்பார்கள். 1954இன் ரணஞ்சய சிங் வழக்கில், தந்தையின் எஸ்டேட் ஊழியர்கள் மகனுக்காகத் தேர்தல் வேலை செய்தார்கள். அவர்களின் சம்பளம் மகனின் செலவாகாது என்று தீர்ப்பானது. 1970இன் மக்ராஜ் பட்டோடியா வழக்கில், கட்சி செய்த செலவுக்கு வேட்பாளர் அதிகாரமளித்தார் என்று நிறுவப்படவில்லை. இவ்விரண்டிலும் 77ஆம் பிரிவின் அளவுகோல் ஒன்றேதான். அதை எட்டும் சான்று அங்கு இல்லை. கன்வர் லால் வழக்கு அளவுகோலை மாற்றவில்லை. எதைச் சான்றாக ஏற்கலாம் என்பதையே விரித்தது. மறுக்காமல் இருப்பதையும் அதிகாரமளித்தலுக்குச் சான்றாகக் கொண்டது மெய்யாகவே ஒரு விரிவாக்கம்தான். அதில் சற்று மிகை உண்டு என்று ஒருவர் கருதினால் அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் விரிவாக்கம் வேறு, புதிதாகச் சட்டம் செய்வது வேறு.

உரிய இடம் பெறாத ஒரு பிரிவு

என் வாசிப்புக்கு வலுச் சேர்ப்பது இந்திய தண்டனைச் சட்டத்தின் 171எச் பிரிவு. 1920 முதல் 2024 வரை இருந்த இப்பிரிவின்படி, வேட்பாளரின் எழுத்துமூலமான பொது அல்லது தனி அதிகாரமின்றி அவருடைய வெற்றிக்காகப் பொதுக்கூட்டம், விளம்பரம், துண்டறிக்கை என்று எதற்குப் பிறர் செலவு செய்தாலும் குற்றமாக இருந்தது. தண்டனை 500 ரூபாய் வரை அபராதமாக இருந்தது. அதிகாரமின்றிப் பத்து ரூபாய்க்குள் செலவழித்தவர் பத்து நாட்களுக்குள் வேட்பாளரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்றால் தப்ப முடிந்தது. பத்து ரூபாய் வரை யோசித்து எழுதப்பட்ட விதி இது.

இதை 77ஆம் பிரிவின் பக்கத்தில் வைத்துப் படித்தால் 1974க்கு முந்தைய சட்டத்தின் கட்டமைப்பு துலங்கும். வேட்பாளருக்காகப் பிறர் செய்யும் செலவுக்கு இரண்டே வழிகள். அவர் அதிகாரமளித்திருந்தால் அது அவர் கணக்கில் ஏறும், உச்சவரம்புக்கு உட்படும். அதிகாரமளிக்கவில்லை என்றால் செலவழித்தவர் குற்றவாளி. மூன்றாவது வழி இல்லை. 77ஆம் பிரிவை மீறுவது 123(6)இன்படி ஊழல் நடவடிக்கை என்பதால் இந்த அமைப்புக்குப் பல்லும் இருந்தது. கன்வர் லால் தீர்ப்பு, ஏற்கெனவே மூடியிருந்த இந்த வளையத்தை உள்ளபடியே வாசித்தது என்பதே என் முடிவு.

171எச் எழுத்துமூலமான அதிகாரத்தைக் கேட்டதே, பகவதி சொல்லும் மறைமுக அதிகாரத்துக்கு அங்கே இடமேது என்று கேட்கலாம். எழுத்தில் அதிகாரம் இல்லையென்றால் அச்செலவு குற்றச்செயல். அதைத் தெரிந்தே அனுபவித்த வேட்பாளர், எழுதித் தரவில்லை என்ற காரணத்தாலேயே பொறுப்பிலிருந்து விடுபடுகிறார் என்றாகும். அப்படியொரு பொருளைச் சட்டத்துக்குத் தர எந்த நியாயமும் இல்லை.

பதினாறு நாட்களில் பிறந்த மூன்றாவது வழி

1974 அக்டோபர் 19 அன்று அவசரச் சட்டம் வந்தது. டிசம்பரில் அது 58ஆம் எண் சட்டமானது. 77ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட விளக்கம் 1, எந்த நீதிமன்றத் தீர்ப்பு என்ன சொல்லியிருந்தாலும், வேட்பாளரின் தேர்தல் தொடர்பாகக் கட்சியோ, சங்கமோ, தனியாளோ செய்யும் செலவு அவருடைய செலவாகக் கருதப்படாது, எக்காலத்திலும் கருதப்பட்டதாகவும் கொள்ளப்படாது என்றது. அதற்கு முன்பே உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்ட தேர்தல்களை அதன் வரம்புரை தொடாமல் விட்டது. சாவ்லா இழந்த பதவி இழந்ததுதான். அவருக்குப் பொருந்திய விதி பிறருக்கு இல்லாமல் போயிற்று. நிலுவையிலிருந்த தேர்தல் வழக்குகள் மீது தீர்ப்பு ஏற்படுத்தக்கூடிய விளைவை அரசின் நோக்க உரையே வெளிப்படையாகக் குறிப்பிட்டது.

அவ்வழக்குகளில் இந்திரா காந்தியின் தேர்தலை எதிர்த்த ரேபரேலி வழக்கும் ஒன்று. இதனால் விளக்கம் 1ஐ இந்திரா காந்தியைக் காக்க வந்த சட்டமாக மட்டும் பார்க்கும் வழக்கம் உண்டு. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர் தேர்தலை ரத்து செய்தது செலவுக் குற்றச்சாட்டின் பேரில் அல்ல. வேறு இரு காரணங்களுக்காக. தனிநபர் நோக்கத்தைத் தேடுவது இவ்விளக்கத்தின் நிலையான விளைவைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அந்த விளைவு இதுதான்: வேட்பாளர் எழுத்தில் அதிகாரமளித்தால் 171எச் குற்றம் நீங்கும், விளக்கம் 1 இருப்பதால் அதே செலவு அவர் கணக்கிலும் ஏறாது. இல்லாதிருந்த மூன்றாவது வழி இப்படித் திறந்தது. குற்றமும் இல்லை, கணக்கும் இல்லை.

1975இன் 40ஆம் எண் சட்டம் மறுமுனையை வெட்டியது. அதுவரை தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து கணக்கு வைக்க வேண்டியிருந்தது. இனி வேட்பாளராக நியமனமான நாளிலிருந்து போதும் என்றாயிற்று. யாருடைய செலவு, எந்த நாளிலிருந்து என்ற இரண்டு எல்லைகளும் ஓராண்டுக்குள் தளர்ந்தன.

விளக்கம் 1இன் அரசியலமைப்புச் செல்லுபடியை நல்லதம்பி தேரா வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தன் சொந்தப் பணத்தைக் கட்சியிடமோ நண்பரிடமோ ஒப்படைத்துச் செலவிடச் செய்யும் வேட்பாளருக்கு இப்பாதுகாப்பு இல்லை என்று மட்டும் எல்லை வகுத்தது. 1996இல் காமன் காஸ் வழக்கு, வருமான வரிச் சட்டப்படி கணக்குத் தாக்கல் செய்யாத கட்சியின் செலவுக்கு இவ்விளக்கத்தின் நிழல் எளிதில் கிட்டாது என்றது. இரண்டும் பணத்தின் பிறப்பிடத்தைத்தான் விசாரித்தன. பிணைப்பு பற்றிய 1974இன் கேள்விக்கு இரண்டிலும் விடை இல்லை.

2003க்குப் பிறகு

2003இன் 46ஆம் எண் சட்டம் விளக்கம் 1ஐ மாற்றி எழுதியதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்போர் உண்டு. இப்போது விலக்கு, கட்சித் தலைவர்களின் பயணச் செலவுக்கு மட்டும்: அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு நாற்பது பேர், மற்றக் கட்சிக்கு இருபது பேர். 77ஆம் பிரிவின் பழைய வாசகம் மீண்டும் உயிர்பெற்றது உண்மை. ஆனால் கட்சியின் செலவுக்கு உச்சவரம்பு இன்றுவரை இல்லை. 2022 முதல் பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம், சட்டப்பேரவை வேட்பாளருக்கு 40 லட்சம் என்று வரம்பு இருக்கிறது. அவர்களை நிறுத்தும் கட்சிக்கு அப்படி ஒரு எண்ணே இல்லை.

தேர்தல் ஆணையம் இந்த இடைவெளியை எப்படி நிரப்புகிறது என்பது கவனிக்கத்தக்கது. நட்சத்திரப் பேச்சாளரோடு வேட்பாளர் ஒரே மேடையில் அமர்ந்தாலோ, பந்தலில் வேட்பாளரின் பெயரோ படமோ இருந்தாலோ, பயணச் செலவு நீங்கலாகக் கூட்டச் செலவு அவர் கணக்கில் ஏறும். பலர் இருந்தால் பங்கிடப்படும். கண்காணிப்புக் குழு எடுக்கும் வீடியோவைப் பார்த்து நாற்காலிக்கும் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் மாவட்ட விலைப்பட்டியலின்படி தொகை போட்டு, நிழல் பதிவேட்டில் எழுதுகிறார்கள். 1974இல் மிகை என்று ஒதுக்கப்பட்ட அதே அளவுகோல் இது: செலவு இந்த வேட்பாளரோடு அடையாளம் காணத்தக்கதா, அவர் அதில் பங்கேற்றாரா? நடைமுறைக்கு ஒவ்வாத கோட்பாடு என்று இனி யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு தேர்தலிலும் கீழ்நிலை அலுவலர்கள் அதைத்தான் செய்துவருகிறார்கள். குறை, அது சட்டத்தில் இல்லாமல் அறிவுறுத்தலில் மட்டும் இருப்பது. மேடையேறாமல் கீழே நின்றுகொள்ளும் வேட்பாளருக்கு அறிவுறுத்தலின் சொற்களே வழிகாட்டிவிடுகின்றன.

வேட்பாளர் அறியாத செலவுக்கும் அவரைப் பொறுப்பாக்குவதா என்ற ஆட்சேபத்துக்கு பிரிட்டன் ஒரு பாடம். அங்கே 2018இல் உச்ச நீதிமன்றம், இலவசமாகவோ சலுகை விலையிலோ கிடைத்து வேட்பாளருக்காகப் பயன்படுத்தப்பட்டதை, அவர் அதிகாரமளிக்காவிட்டாலும் கணக்கில் காட்ட வேண்டும் என்றது. 2022இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது; ஆனால் வேட்பாளர் பணித்த, அதிகாரமளித்த, ஊக்குவித்த பயன்பாட்டைக் கணக்கிலேயே விட்டுவைத்தது. கட்சிகளின் தேசியச் செலவுக்கு அங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உச்சவரம்பும் உண்டு. பேச்சுரிமை பறிபோகும் என்ற ஆட்சேபத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. செலவு வரம்புகளைப் பேச்சுரிமையின் பேரில் வீழ்த்திய அமெரிக்காவின் 1976 பக்லி தீர்ப்பே, வேட்பாளரோடு கலந்து செய்யும் செலவை அவருக்குத் தந்த நன்கொடையாகத்தான் எண்ணியது.

இப்பின்னணியில், தேர்தல் செலவை அரசே ஏற்பது என்ற யோசனையின் வரிசையும் மாற வேண்டும். இந்திரஜித் குப்தா குழு பகுதியளவில், பொருளாக உதவப் பரிந்துரைத்தது; சட்ட ஆணையத்தின் 2015ஆம் ஆண்டு 255ஆம் அறிக்கை முழு அரசு நிதியை ஏற்கவில்லை. செலவுக் கணக்கு ஒருபுறம் திறந்தே கிடக்கும்போது அரசுப் பணம் தனியார் பணத்துக்குப் பதிலாக வராது, அதன்மேல் கூடுதலாகத்தான் சேரும். தேர்தல் பத்திரத் தீர்ப்பு வரவுப் பக்கத்தில் விளக்கேற்றியது பெரிய காரியம். ஆயினும் வெளிச்சத்தில் வந்த ரூபாய் எந்த வரம்புமின்றி ஒரு தொகுதியில் கொட்டப்படலாம் என்ற நிலை நீடிக்கும்வரை, தேர்தலில் சமத்துவம் என்ற கோரிக்கை பாதியிலேயே நிற்கும்.

ஆகவே திருத்தம் மூன்று இடங்களில் போதும். கணக்குத் தொடங்கும் நாளை மீண்டும் அறிவிக்கை நாளாக்க வேண்டும். அறிந்து பலன் பெற்று மறுக்காத செலவும் அதிகாரமளித்த செலவே என்று 77ஆம் பிரிவிலேயே எழுத வேண்டும். கட்சியின் பொதுப் பிரசாரத்துக்குத் தனி உச்சவரம்பு வேண்டும். இவற்றில் முதலிரண்டும் 1974 அக்டோபர் 3 அன்று இந்தியாவில் நடைமுறையில் இருந்த சட்டம். புதிதாகச் செய்ய வேண்டியது மூன்றாவது ஒன்றுதான்.