அலங்காரமா, ஆய்வா? யூசுஃப் லத்தீஃபின் வகைமை கடந்த இசை

அமெரிக்க இசைக்கலைஞர் யூசுஃப் லத்தீஃப் (1920–2013) பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், ஜாஸுக்குள் கீழைநாட்டு ஒலிகளைக் கொண்டுவந்த முன்னோடி என்ற பாராட்டும் உடன் வருகிறது. பாராட்டாகத் தோன்றினாலும் இது அவரைக் குறைத்தே மதிப்பிடுகிறது. அயல்நாட்டுக் கருவிகளை அவர் மேற்பூச்சாகப் பயன்படுத்தினார் என்ற எண்ணத்துக்கு அது இடந்தருகிறது. அவர் வாசித்தது, கற்றது, கற்பித்தது ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கினால், ஆப்பிரிக்க அமெரிக்கரின் புளூஸ் இசை என்னும் அடித்தளம் எவ்வளவு தாங்கும் என்பதைச் சோதித்தறியும் தொடர் ஆய்வாகவே அவரது இசைவாழ்வு அமைந்தது புலப்படும்.

டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர் லத்தீஃப். 1949இல் ஜாஸ் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் இசைக்குழுவில் டெனர் சாக்ஸஃபோன் வாசித்தார். பின்னர் டெட்ராய்ட்டுக்குத் திரும்பி, வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இசையாக்கமும் புல்லாங்குழலும் பயின்றார். கிரைஸ்லர் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில், உடன் பணியாற்றிய சிரியர் ஒருவர் வழியாக ரபாப் என்னும் நரம்புக்கருவியைப் பற்றி அறிந்தார். பல நாட்டு மக்கள் பிழைப்புத் தேடிக் கூடிய தொழில்நகரம் அது. அவரது ‘கிழக்கு’ அங்கே, பக்கத்தில் நின்று வேலை செய்தவரிடமிருந்து தொடங்கியது.

1961இல் பதிவான ‘ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்’ தொகுப்பின் முதல் உருப்படியான ‘தி பிளம் பிளாசம்’ அவரது ஆய்வுப்போக்குக்குத் தக்க சான்று. அதில் லத்தீஃப் வாசிப்பது ஷூன் என்னும் சீனத்து மண்குழல். அக்குழலில் எழுப்பக்கூடிய சுரங்கள் மிகச் சில. சாக்ஸஃபோனில் கைவந்த வேகச் சங்கதிகளுக்கு அங்கே வழியில்லை. எனவே சுரத்தைத் தள்ளி எடுப்பதிலும் இடைவெளி விடுவதிலும் அவர் கவனம் செல்கிறது. பேரி ஹாரிஸின் பியானோ தனக்குரிய ஜாஸ் நடையிலேயே தொடர்கிறது. சுரங்கள் அருகினாலும் ஸ்விங் என்னும் ஜாஸின் துள்ளல் நடை குன்றவில்லை. அதே தொகுப்பில் ‘புளூஸ் ஃபார் தி ஓரியன்ட்’ உருப்படியை ஓபோ என்னும் ஊதுகருவியில் வாசிக்கிறார். மேற்கத்தியச் செவ்விசைக்கு உரியதாகக் கருதப்படும் கருவி அங்கே புளூஸின் குரலைப் பெறுகிறது.

இதற்கு மறுப்பும் உண்டு. தொகுப்பின் தலைப்பும், அதில் இடம்பெற்ற ‘ஸ்பார்ட்டகஸ்’, ‘தி ரோப்’ ஆகிய ஹாலிவுட் படங்களின் காதல் மெட்டுகளும் அக்காலச் சந்தை விரும்பிய கீழைநாட்டு மோகத்துக்கு இசைந்தவையே. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் மோகத்தை நம்பிப் பிழைப்பவர் மோகம் தணிந்ததும் வேறு சரக்குக்குத் தாவுவார். லத்தீஃப் மேலும் படிக்கச் சென்றார். நியூயார்க்கின் மன்ஹாட்டன் இசைப்பள்ளியில் பட்டங்கள் பெற்றார். 1975இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில், மேற்கத்தியக் கல்வியையும் இஸ்லாமியக் கல்வியையும் ஆராய்ந்து கல்வியியலில் முனைவரானார். 1980களின் முற்பகுதியில் நைஜீரியாவின் அகமது பெல்லோ பல்கலைக்கழகத்தில் தங்கி, ஃபுலானியரின் குழலை ஆராய்ந்தார். ஐம்பது வயதை ஒட்டியும் கடந்தும் ஒருவர் மேற்கொண்ட இந்த உழைப்பைச் சந்தைத் தந்திரமாகக் கொள்ள முடியாது.

1981இல் வெளியான அவரது சுரவரிசைத் தொகுப்புநூல் இந்த உழைப்பின் திரட்டு. பல மரபுகளின் சுரவரிசைகளை மாணவர் எடுத்துப் பழகும் வகையில் அது முன்வைக்கிறது. சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் வரைந்து அவருக்கு அளித்த சுரவட்ட வரைபடமும் அதில் உண்டு. மேடையில் சோதித்தவை அங்கே பாடமாயின. அதன் பின்னர் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார்.

விருதுக்குழுக்களுக்கும் அவரை எங்கே வைப்பதென்பது சிக்கலாகவே இருந்தது. எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்த ‘லிட்டில் சிம்ஃபனி’க்குக் கிடைத்த கிராமி விருது ‘நியூ ஏஜ்’ பிரிவில் வழங்கப்பட்டது. 2010இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் அவரை ஜாஸ் மாஸ்டராக அறிவித்தது. ஆனால் தம் இசைக்கு ‘ஜாஸ்’ என்ற பெயரையே அவர் ஏற்றதில்லை. வகைமைப் பெயர்களைக் கொண்டு அவரை அளப்பதை விடுத்து, கற்றலை இசையாக்க முறையாகவே கையாண்டவர் என்ற நிலையில் அவரை மதிப்பிடுவதே பொருந்தும்.