மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து படிக்கட்டும்

இதய வால்வு மாற்றப்பட்டு வார்ஃபரின் சாப்பிட்டு வரும் ஒருவருக்குச் சீதபேதி. மருத்துவர் மெட்ரோனிடசோல் எழுதுகிறார். இரண்டும் சேர்ந்தால் இரத்தம் உறைவது அளவுக்கு மீறிக் குறைந்து, உள்ளே இரத்தக்கசிவு ஏற்படலாம். இது இருவர் பாடத்திலும் உள்ளதுதான். ஆனால் சீட்டைப் பார்க்கும் மருந்தாளுநர் மருத்துவரை அழைத்துக் கேட்கத் தயங்கினால், அந்தப் படிப்பால் நோயாளிக்கு என்ன பயன்?

இந்தத் தயக்கத்தை மாணவப் பருவத்திலேயே போக்குவதற்கான வழிதான் பல்துறைக் கூட்டுக் கல்வி. இரண்டோ அதற்கு மேற்பட்டோ துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்பது என்பது உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட செயல் வரைவு தரும் விளக்கம். ஒரே அரங்கில் அமர்ந்து ஒரே விரிவுரையைக் கேட்பது மட்டும் இதில் சேராது. சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986-லேயே இதைத் தொடங்கிவிட்டது. பத்தாண்டுகள் கழித்து, பல துறை மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் நோயாளிகளைச் சேர்ந்து கவனிக்கும் பயிற்சி வார்டும் அங்கே வந்தது.

இந்தியாவில் 2008-இல் ஃபார்ம்.டி. படிப்பு அறிமுகமானது. மொத்தம் ஆறு ஆண்டுகள். கடைசி ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. ஆக, மருந்தியல் மாணவர் வார்டுக்குள் வந்துவிட்டார். வார்டில் நிற்பது வேறு, அவர் சொல் கேட்கப்படுவது வேறு.

பெரிய செலவில்லாமல் தொடங்கலாம். ஒரே நோயாளியிடம் மருத்துவ, மருந்தியல், செவிலிய மாணவர்கள் தனித்தனியே மருந்து விவரம் கேட்டு எழுதி, பின்பு மூன்று தாள்களையும் ஒப்பிடட்டும். வீட்டில் சாப்பிடும் நாட்டு மருந்து ஒரே ஒரு தாளில் மட்டும் இருக்கக்கூடும்.