விட்டுப்போன 92 கிலோவோல்ட்

லோட் ஃப்ளோ என்றாலே நம்மில் பலருக்கு, பரீட்சை ஹாலில் ஒய்-பஸ் மேட்ரிக்ஸோடு மல்லுக்கட்டியதுதான் ஞாபகம் வரும். அந்தக் கணக்குக்குப் பின்னால் சுவையான ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஆரம்பத்தில் ஏது கம்ப்யூட்டர்? 1929-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் துணையோடு 'நெட்வொர்க் அனலைசர்' அமைத்தார்கள். ரெசிஸ்டர், காயில், கெபாசிட்டர்களை இணைத்து, ஊர் ஊராகப் பரந்த மின்தொடரை ஓர் அறைக்குள் குட்டியாகச் செய்து, மீட்டர் வைத்து அளந்து பார்ப்பார்கள். கைவசம் இருந்த உறுப்புகளோ கொஞ்சம். எனவே சின்ன லைன்களைச் சுருக்கி, சமமான ஒரே லைனாக வைப்பது வழக்கமாயிற்று.

1956-ல் வார்டு, ஹேல் இருவரும் டிஜிட்டல் கம்ப்யூட்டருக்கு ஏற்ற லோட் ஃப்ளோ முறையை வெளியிட்டார்கள். 1967-ல் டின்னியும் ஹார்ட்டும் நியூட்டன் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மேட்ரிக்ஸில் முக்கால்வாசி பூஜ்யம்தானே, அதை எதற்குச் சுமக்க வேண்டும் என்ற யோசனைதான் சூட்சுமம். பெரிய மின்தொடர்களும் கணக்குக்குள் வந்தன.

இடம் கிடைத்தும் பழைய பழக்கம் முழுசாகப் போகவில்லை. 2011 செப்டம்பர் 8 அன்று அரிசோனாவில் ஹசயாம்பா – நார்த் கிலா 500 கிலோவோல்ட் லைன் டிரிப் ஆனது. ஒரு லைன் போனால் மீதி தாங்கணும் என்பதுதானே விதி? ஆனால் அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு, பக்கத்தில் இருந்த 92 கிலோவோல்ட் அமைப்பு வழியாகப் பாய்ந்தது. அங்கே 230/92 டிரான்ஸ்பார்மர்கள் ஓவர்லோடில் கழன்றன. ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து, 11 நிமிஷத்தில் சான் டியாகோ நகரமே இருட்டு! சுமார் 27 லட்சம் மின் இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை.

2012-ல் வந்த விசாரணை அறிக்கை விஷயத்தை உடைத்துச் சொன்னது. 100 கிலோவோல்ட்டுக்குக் கீழே உள்ள அமைப்புகள் பெரிய மின்தொடரை எப்படிப் பாதிக்கும் என்பதைப் பல நிறுவனங்களின் ஆபரேஷன் ஸ்டடிகள் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. பக்கத்து நிறுவனத்தின் மின்தொடரும் மாடலில் போதிய அளவு இல்லை. கணக்கு சரிதான், கணக்கில் வராத லைன்தான் காலை வாரிவிட்டது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கரண்டுக்கு மெயின் ரோடு, சந்து என்ற பேதம் கிடையாது. இம்பீடன்ஸ் விட்ட வழியில் போகும். நாளைக்கு நீங்கள் லோட் டிஸ்பாட்ச் சென்டரில் உட்காரும்போது, ஒரு சின்ன லைனை மாடலிலிருந்து எடுக்குமுன், பெரிய லைன் போனால் இதன் தலையில் எவ்வளவு லோடு ஏறும்னு ஒரு தடவை போட்டுப் பார்த்துடுங்க.