அகத்தே ஏலம், புறத்தே சீகை

இலங்கையின் நக்கிள்ஸ் மலைத்தொடரில், லக்கலப் பக்கத்து ரிவஸ்டன் உச்சிக்குப் போகும் வழியில் நின்றால் ஒரு முதிர்ந்த மரத்தின் கொழுந்தைக் கை நீட்டித் தொட்டுவிடலாம். கிள்ளக் கூடாது, காப்புக்காடு. தொட்டுப் பார்த்தேன். நாவல் குடும்பத்து இலை. கட்டைவிரல் அகலந்தான், ஆனால் செருப்புத் தோலின் தடிப்பு. காம்புக்குக் கீழே கிளை முழுக்க ஈரப்பாசி, பாசிக்கு மேல் நரைத்த தாடிபோலத் தொங்கும் லைக்கன். அழுத்தினால் பாசியிலிருந்து நீர் வழிந்து முழங்கை வரை இறங்குகிறது. ஊட்டிக்கு அப்பால் அவலாஞ்சியில் ஒரு சோலையின் ஓரத்தில் நின்றபோதும் என் சட்டைக் கை இப்படித்தான் நனைந்தது. லக்கலவின் இந்தக் குள்ளக் காட்டையும் நீலகிரி, பழனிமலைச் சோலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆசை அந்த ஈரத்திலிருந்து பிறந்தது.

முதல் பார்வைக்கு இரண்டும் உடன்பிறப்புகள். அங்கும் நாவல் குடும்பம், இங்கும் நாவல் குடும்பம். அங்கே பட்டை என்றும் இங்கே கறுவா என்றும் நாம் சமையலில் போடும் மரத்தின் உறவினர்கள் இரு காடுகளிலும் நிறைந்திருக்கிறார்கள். இரண்டிலும் மரங்கள் முறுகி நிற்கின்றன. கிளைகளில் ஆர்க்கிட்டும் பன்னமும் குடியேறியிருக்கின்றன. உயிரினச் செழுமை மிக்க பகுதிகளைக் கணக்கெடுப்பவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒரே பகுதியாக எண்ணுவது வழக்கம். யுனெஸ்கோ மட்டும் தனித்தனியாகப் பட்டம் சூட்டியது. நக்கிள்ஸ் உள்ளிட்ட இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கு 2010இல், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு 2012இல். தங்கை முந்திக்கொண்டாள்.

ஆனால் உயரத்தை அளந்தால் கணக்கு இடிக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். நக்கிள்ஸ் தொடரில் எல்லாவற்றுக்கும் உயர்ந்த கொம்பனியா 1,906 மீட்டர்தான். நீலகிரியில் சோலை என்று சொல்லத்தக்க காடு தொடங்கும் உயரத்தில் லக்கலவின் மலைகள் முடிந்தே போகின்றன. ரிவஸ்டனின் குள்ள மரங்கள் அதற்கும் பல நூறு மீட்டர் கீழே நிற்கின்றன. இவ்வளவு தாழ்வில் இவ்வளவு குறுகல் எப்படி வந்தது? விடையின் ஒரு பாதி மலையின் பருமனில் இருக்கிறது. நீலகிரி அகன்ற பீடபூமி. பகல் வெயிலைத் தன் மேனியில் வாங்கித் தன் மேலுள்ள காற்றைச் சூடேற்றி வைத்துக்கொள்ளும். மேகம் உயரத்தில்தான் திரளும். நக்கிள்ஸ் ஒடுங்கிய முகடு. சுற்றிலும் வரும் ஈரக்காற்றுக்குத் தன் சூட்டால் ஈடுகொடுக்க அதனால் முடியாது. மேகம் தாழ வந்து உட்கார்ந்துவிடுகிறது. பெரிய அடுப்பும் சின்ன அடுப்பும் அணைந்தபின் எது முதலில் ஆறும் என்று சமையல்கட்டில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபாதி காற்று. இங்கேதான் ஒற்றுமைக்குள் ஒளிந்திருந்த வேற்றுமை வெளிப்படுகிறது. சோலை மலையின் மடிப்புக்குள் பதுங்கும். லக்கலவின் குள்ளக் காடு முகட்டின் மேலேயே நிற்கும். சோலையை மடிப்புக்குள் நிறுத்தி வைப்பதில் உறைபனிக்குப் பங்கு உண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த புல்வெளியில் வெண்பனி படியும்போது அங்கே முளைத்த மரக்கன்று கருகிவிடும். சோலையின் நிழலுக்குள் முளைத்தது பிழைக்கும். நக்கிள்ஸின் தாழ்ந்த முகடுகளில் உறைபனிக்கு அந்த வேலை இல்லை. அங்கே மரத்தைக் குட்டையாக்குவதில் பெரும்பங்கு காற்றுக்குத்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்தும், ஆண்டு முடிவில் வடகிழக்கிலிருந்தும் மாறி மாறி அறைகிறது. ரிவஸ்டனில் குடை விரித்தவரிடம் கேட்டால் தெரியும். ஒரே உருவத்தைச் செதுக்கியவை இரண்டு வெவ்வேறு உளிகள்.

புல்வெளியிலும் இதே கதைதான். லக்கல வழியில் இலுக்கும்புரைக்கு முன்பாக வருகிறது பிட்டவல பத்தனை. மலைநாட்டுத் தமிழர் வாயில் பத்தனை என்றால் மலைப்புல்வெளி. தலவாக்கலைப் பக்கம் அதே பெயரில் ஓர் ஊரே உண்டு. பிட்டவலவில் புல் கணுக்கால் உயரம்கூட இராத இடங்கள் பல. காலால் சீண்டினால் மண் பெயர்ந்து பாறை தெரிகிறது. வேர் ஊன்ற ஆழமில்லாததால் மரம் வரவில்லை. நீலகிரிப் புல்வெளிக்கோ நல்ல கரிய மண். சதுப்புகளில் ஆழமான கரிப்படிவும் உண்டு. அந்தப் படிவின் கார்பனைச் சோதித்தவர்கள், மனிதன் காட்டை வெட்டிப் புல்லாக்கவில்லை, புல் அங்கே 20,000 ஆண்டுகளுக்கு மேலாகவே இருக்கிறது என்று காட்டினார்கள். ஆங்கிலேயர் இரண்டையும் பார்த்துச் சொன்னது ஒரே சொல்: தரிசு. நீலகிரியில் அந்தச் சொல்லுக்கு விலை அதிகம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது பூ. குறிஞ்சியும் இலங்கைக் காட்டின் நெலுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டும் பல ஆண்டு காத்திருந்து, கூட்டமாகப் பூத்து, விதை சிந்தி, கூட்டமாகவே சாகும். நீலக்குறிஞ்சிக்கு 12 ஆண்டு. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030. பழனிமலைப் பளியர் வயதைக் குறிஞ்சிப் பூப்பால் எண்ணியதாகச் சொல்வார்கள். நெலு பூத்து விதை உதிர்ந்த காலத்தில் அதைத் தின்ற காட்டுக்கோழி மயங்கிக் கிடக்கும் என்று இலங்கையில் சொல்வார்கள். ஒரே செடியின் உறவை வைத்து ஒரு மலை காலத்தை அளந்திருக்கிறது, இன்னொன்று கோழியைப் பிடித்திருக்கிறது! நுட்பம் வேறிடத்தில் இருக்கிறது. நீலக்குறிஞ்சி திறந்த சரிவில் பூக்கும். மலையே நிறம் மாறுவதைத் தொலைவிலிருந்து பார்க்கலாம். நெலு பெரும்பாலும் காட்டின் கூரைக்குக் கீழே பூக்கும். உள்ளே நுழைந்தவருக்குத்தான் காட்சி. சோலைக்குள்ளும் குறிஞ்சியின் தங்கைகள் உண்டு என்பதை மறைக்கவில்லை. பெயர் வாங்கியவள் வெளியே நிற்பவள். அகம், புறம் என்று எதையும் பிரித்துப் பழகிய மொழியில் இதைக் கவனிக்காமல் போவது கடினம்.

செடிகளில் மலை விட்டு மலை கடந்து வந்தவர்களும் வராதவர்களும் இருக்கிறார்கள். நீலகிரியில் காட்டுப்பூவரசு, இலங்கை உயர்மலைகளில் மஹரத்மல். இரண்டும் இமயத்தில் வேரூன்றிய ஒரே ரோடோடென்ட்ரான் இனத்தின் கிளைகள். தூசு போன்ற விதை; குளிர்ந்த பழங்காலங்களில் மலைக்கு மலை தாவியிருக்கலாம். மாறாக, குங்கிலிய மரக் குடும்பத்தின் ஸ்டெமோனோபோரஸ் என்ற பேரினம் இலங்கையை விட்டு வெளியே எங்கும் இல்லை. அதில் ஓர் இனம் நக்கிள்ஸுக்கு மட்டுமே உரியது. அந்தக் குடும்பம் பொதுவாக வெப்பமான தாழ்நிலக் காட்டுப் பெருமரங்களுக்குப் பேர்போனது. நீலகிரிச் சோலையில் அதைத் தேடினால் கிடைக்காது. இலங்கையிலோ அது மூடுபனிக்குள் ஏறிவந்திருக்கிறது. முகத்தில் சோலையின் சாயலும் இரத்தத்தில் தாழ்நிலக் காடும் கொண்ட பிள்ளை என்று லக்கலக் காட்டைச் சொல்லலாம்.

இனி மனிதன் கை. நீலகிரியிலும் பழனியிலும் சோலையை ஓரளவு விட்டுவைத்தார்கள். 'தரிசான' புல்வெளியில் மரம் நட்டார்கள். ஊட்டிக்காரர்கள் சீகை என்று சொல்லும் ஆஸ்திரேலிய வாட்டில், கற்பூர மரம், பைன். சீகையின் பட்டை தோல் பதனிட உதவியது. நட்டது போக அது தானே பரவியது. பழனிமலையில் சென்ற சில பத்தாண்டுகளில் மட்டும் பாதிக்கும் மேற்பட்ட புல்வெளி மரங்களுக்கு அடியில் மறைந்துவிட்டது.

லக்கலப் பக்கத்தில் காயம் உள்ளே. காட்டின் கூரையை வைத்துக்கொண்டு, அடியிலிருந்த செடி கொடி கன்றுகளைச் செருக்கிவிட்டு ஏலம் நட்டார்கள். ஏலத்துக்கு நிழல் வேண்டும். ஆகவே பெரிய மரங்கள் தப்பின. காய் உலர்த்த அடுப்பு வேண்டும். அடுப்புக்கு விறகு அதே காட்டிலிருந்து வந்தது. எதிர்மலையிலிருந்து பார்த்தால் காடு குறையின்றித் தெரியும். உள்ளே போனால் பாட்டன்மார் மட்டும் இருக்கும் வீடு: பேரப்பிள்ளைகள் இல்லை. 2000இல் நக்கிள்ஸ் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட பின்னும், கைவிட்ட ஏலத் தூர்கள் தாமாகவே தழைத்துக்கொண்டிருக்கின்றன. ஏலத்தை அந்நியன் என்றும் தள்ள முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுச்செடிதான் அது. அதன் காட்டு உறவு ஒன்று இலங்கைக்கே உரியது.

இரண்டையும் அருகருகே வைத்ததில் என்னை மிகவும் தடுமாற வைத்தது இதுதான். பழனிமலையில் அந்நிய மரமான சீகையின் அடியில் சோலைக் கன்றுகள் முளைக்கின்றன. சீகையின் நிழல் உறைபனியைத் தடுக்கிறது. பறவைகள் விதை கொண்டுவருகின்றன. புல்லைக் கொன்றவன் சோலைக்குத் தாதியாகிவிட்டான். சீகையை முழுக்க வெட்டிப் புல்லை மீட்பதா, கன்றுகள் உள்ள இடத்தில் விட்டுவிடுவதா என்பது அங்கே இன்றும் ஓயாத வாதம். லக்கலவில் சொந்த மரங்களின் நிழலில், சொந்த மண்ணில், சொந்தக் கன்றுகள் முளைக்கத் திணறுகின்றன. அங்கே வளர்ப்புத் தாய் பிள்ளை வளர்க்கிறாள். இங்கே பெற்றவளின் மடியில் வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான்.

ரிவஸ்டனிலிருந்து இறங்கும்போது பழைய ஏலத்தூர் ஒன்றின் முன் குந்தினேன். கைகளை வட்டமாக விரித்தால் அடங்கும் இடத்தில் மரக்கன்று ஏதும் தென்படுகிறதா என்று தேடினேன். இரண்டு பன்னம், அழுகிய இலை, ஓர் அட்டை. அட்டை என்னை முதலில் கண்டுபிடித்துவிட்டது. அதைத் தட்டிவிடக் குனிந்தபோது தண்டின் அடியில், தரையோடு தரையாக, ஏலப்பூ ஒன்று விரிந்திருந்தது. வெள்ளை உதடு, அதில் ஊதாக் கோடுகள், யாரோ பேனாவால் கீறியதைப்போல. கன்று தேடி வந்ததை மறந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.