மரியாவுக்குக் கல்யாணம்!

லிமா, பெரு தேசத்தின் தலைநகரம். 1970-ஐ ஒட்டிய ஒரு நாள். ஒரு சர்ச் வாசலில் கூட்டம் நெரிகிறது. சுமார் பத்தாயிரம் பேர். பெண்கள்தான் அதிகம். அவர்களிலும் பணக்கார வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துப் பிழைக்கிறவர்கள் நிறைய. இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். பலர் கையில் பரிசுப் பொட்டலம்.

மணப்பெண் பெயர் மரியா. மாப்பிள்ளை எஸ்தபான் என்கிற வாத்தியார்.

அப்படி இரண்டு பேர் உலகத்தில் கிடையாது என்பதுதான் விஷயம். மணப்பெண்ணாக நின்றவர் சாபி கமாலிச் என்ற நடிகை. மாப்பிள்ளை, ரிகார்டோ புளூமே என்ற நடிகர். நடந்தது, ‘சிம்ப்ளெமென்ட்டே மரியா’ என்ற டிவி தொடரின் படப்பிடிப்பு. ‘வெறும் மரியா’ என்று தமிழில் சொல்லலாம். கேமரா நிற்கிறது, விளக்கு எரிகிறது. எல்லாம் வந்தவர்களின் கண்ணெதிரேதான். இருந்தும் பரிசோடு வந்தார்கள்.

‘பைத்தியக்காரத்தனம்’ என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

யார் இந்த மரியா? மலைப்பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைப்பு தேடி நகரத்துக்கு வருகிற பெண். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு பெரிய வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள். டாக்டருக்குப் படிக்கிற ஒரு பணக்காரப் பையன் ஆசை காட்டி, வயிற்றில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கைகழுவுகிறான். வேலையும் போகிறது. இதுவரை நாம் ஆயிரம் சினிமாவில் பார்த்த கதைதான். வழக்கமாக இந்த இடத்தில் கதாநாயகி கிணற்றையோ கடலையோ தேடிப் போவாள். மரியா தையல் மெஷினைத் தேடிப் போனாள். எஸ்தபான் வாத்தியாரிடம் ராத்திரிப் பள்ளியில் எழுத்து கற்றாள், உழைத்தாள். பல வருஷம் கழித்துப் பெரிய ஆடை வடிவமைப்பாளராக ஆனாள். வாத்தியாருக்கு ஆரம்பத்திலிருந்தே அவள்மேல் பிரியம். கதைக் கணக்கில் இருபது வருஷம் காத்திருக்கிறார் மனிதர்! கடைசியில்தான் கல்யாணம்.

மூலக்கதை அர்ஜென்டினாவைச் சேர்ந்த செலியா அல்கான்டாரா எழுதியது. பெருவில் 1969 முதல் 1971 வரை நானூறு பகுதிகளுக்கு மேல் ஓடியது. பிறகு லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளிலும் சக்கைப்போடு போட்டது.

லிமாவின் வேலைக்காரப் பெண்களுக்கு இது சினிமாக்கதை இல்லை. அவர்களும் மலையிலிருந்து வந்தவர்கள்தான். எழுத்து தெரியாது, எஜமானியம்மாவின் வீட்டு டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள். முதல்முறையாக அவர்களில் ஒருத்தி கதைக்கு நடுவில் நின்றாள். சர்ச் வாசலுக்குப் பரிசு எடுத்துக்கொண்டு வந்தவர்கள் ஏமாந்து வந்தவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டுப் பெண் ஜெயித்தாள் என்று வந்திருக்கிறார்கள். அதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

ஆர்வம் சர்ச் வாசலோடு நின்றுவிடவும் இல்லை. ‘சாயங்காலம் ரெண்டு மணி நேரம் விடுங்கம்மா, படிக்கப் போகணும்’ என்று வேலைக்காரப் பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். முதியோர் கல்வி வகுப்புகளிலும் தையல் வகுப்புகளிலும் கூட்டம் சேர்ந்தது. மரியா தைத்தது சிங்கர் மெஷினில். தொடர் போன இடமெல்லாம் சிங்கர் வியாபாரம் எகிறியது. நன்றிக்கடனாக அந்தக் கம்பெனி சாபி கமாலிச்சுக்குத் தங்கத்தில் ஒரு குட்டித் தையல் மெஷின் செய்து கொடுத்தது. பிறந்த பெண் குழந்தைகளுக்கு மரியா என்று பெயர் வைப்பதும் கூடிப்போனது.

தொடரை எடுத்தவர்கள் இதில் எதையும் திட்டமிடவில்லை. எல்லாம் ரசிகைகள் தாங்களாகச் செய்துகொண்டது.

திட்டமிட ஒருவர் கிளம்பினார். மெக்சிகோவில் மிகுவேல் சபிதோ. நாடகக்காரர், டெலிவிசா என்ற பெரிய டிவி நிறுவனத்தில் அதிகாரி. மரியா தொடரை உட்கார்ந்து ஆராய்ந்தார். தற்செயலாக நடந்ததை வேண்டுமென்றே நடத்த முடியாதா? மனிதன் அடுத்தவரைப் பார்த்துத்தான் கற்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்த உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டுராவின் கொள்கையையும் எடுத்துக்கொண்டார். சமையல் குறிப்பு தயாராகிவிட்டது. ஒரு நல்லவர், ஒரு கெட்டவர். இருவருக்கும் நடுவில் ஊசலாடி, மெள்ள மெள்ள நல்ல பக்கம் சாய்கிற ஒரு சராசரி ஆள். பகுதி முடிந்ததும் ஊரறிந்த ஒரு பிரபலம் திரையில் தோன்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

1975-ல் ‘வென் கொன்மிகோ’ வந்தது. ‘என்னோடு வா’ என்று அர்த்தம். விஷயம், பெரியவர்களுக்கு எழுத்தறிவு. ஒரு பகுதியில் இலவசப் பாடப்புத்தகம் எங்கே கிடைக்கும் என்று காட்டினார்கள். மறுநாள் மெக்சிகோ நகரத்தில் அந்தக் கிடங்கை நோக்கி ஆயிரக்கணக்கில் ஜனம். 25,000 பேர் என்கிறது ஒரு கணக்கு. போக்குவரத்து ஸ்தம்பித்துப்போனது. அதற்கு முந்தைய வருஷம் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. தொடர் ஓடிய வருஷம் எட்டு லட்சத்தைத் தாண்டியது. அடுத்து 1977-ல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒரு தொடர்.

குடும்பக் கட்டுப்பாடு என்றதும் யாருக்குக் காது நிமிரும்? டெல்லிக்குத்தான்.

இந்திரா காந்தி அரசில் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக இருந்தவர் வசந்த் சாத்தே. இந்தியாவுக்குக் கலர் டிவி வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர். மெக்சிகோ போய் வந்தபோது இந்த யோசனையையும் கொண்டுவந்தார். 1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் ‘ஹம் லோக்’ ஆரம்பமானது. இந்தியாவின் முதல் நெடுந்தொடர். ‘நாம்’ என்று பொருள். எழுதியவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி. ஹிந்தியின் முக்கியமான நாவலாசிரியர், பத்திரிகைக்காரர். இயக்கம் பி. குமார் வாசுதேவ். விளம்பரதாரர், அப்போதுதான் கடைக்கு வந்திருந்த மேகி நூடுல்ஸ். சிங்கருக்கு அடித்த யோகம் மேகிக்கும் அடித்தது.

கதை, ஒரு கீழ் நடுத்தரக் குடும்பம். குடிகார அப்பா பஸேசர் ராம். வாயைத் திறக்காத அம்மா பாக்வந்தி. தாத்தா, பாட்டி. லல்லு, நன்ஹே என்று இரண்டு பிள்ளைகள். பட்கி, மஜ்லி, சுட்கி என்று மூன்று பெண்கள். இவையெல்லாம் பெயர்களே இல்லை. பெரியவள், நடுவுள்ளவள், சின்னவள் என்று வீட்டில் கூப்பிடுவது. இதிலேயே ஜோஷி பாதி ஜெயித்துவிட்டார்.

பாதிதான். முதல் பதின்மூன்று பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டு உபதேசம் தூக்கலாக இருந்தது. ஜனங்கள் நெளிந்தார்கள். ஜோஷி உபதேசத்தைக் குறைத்துக் குடும்பத்தைக் கூட்டினார். பிடித்துக்கொண்டது தீ. பகுதி முடிந்ததும் சபிதோவின் குறிப்பில் உள்ளபடி ஒரு பிரபலம் வருவார். எழுபது வயதைத் தாண்டிய அசோக் குமார். 1936-ல் ‘அச்சூத் கன்யா’வில் காதலித்தவர், இப்போது தேசத்துக்கே பெரியப்பா மாதிரி வந்து உட்கார்ந்து, ‘இந்தப் பெண் செய்தது சரியா? நீங்களே யோசியுங்கள்’ என்கிற தோரணையில் பேசுவார்.

யோசித்தார்கள். யோசித்ததைத் தபாலிலும் போட்டார்கள். பதினேழு மாதத்தில் தூர்தர்ஷனுக்கும் நடிகர்களுக்கும் வந்த கடிதங்கள் நான்கு லட்சத்துக்கு மேல்! அசோக் குமாருக்கு வந்த கடிதங்களில் வயசுப் பிள்ளைகள் எழுதியவை ஏராளம். எதற்கு? ‘நான் விரும்பியவரைக் கட்டிக்கொள்ள எங்க அப்பா அம்மா சம்மதிக்க மாட்டேங்கறாங்க. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க’ என்கிற சிபாரிசுக்கு. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததை, இருபது நிமிஷத் தொடருக்குப் பிறகு ஒரு நிமிஷம் முகம் காட்டுகிறவரிடம் எழுதியிருக்கிறார்கள். சிரிக்கத் தோன்றவில்லை.

பாட்டியாக நடித்தவர் சுஷ்மா சேத். கதைப்படி பாட்டிக்குப் புற்றுநோய், போய்ச்சேர வேண்டியவள். ரசிகர்கள் விடவில்லை. அவளுடைய சாவு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. எமனிடம் வாதாடிய சாவித்திரிக்கு அடுத்தபடி இவர்கள்தான். (இன்னொரு வேடிக்கை. நடுப்பெண் மஜ்லியாக வந்த திவ்யா சேத், நிஜத்தில் சுஷ்மா சேத்தின் மகள்.)

பெரியவள் பட்கிக்கு டாக்டர் அஸ்வினியோடு கல்யாணம் ஆகுமா ஆகாதா என்று வடக்கே தெருவுக்குத் தெரு விவாதம் நடந்தது. பட்கியாக நடித்த சீமா பார்கவாவைத் தெருவில் நிறுத்தி யோசனை சொன்னார்கள். கல்யாணப் பகுதி ஒளிபரப்பான நாளில் பல ஊர்களில் பஜார் சீக்கிரமே கடையடைத்தது. வாழ்த்துக் கடிதங்களும் தந்திகளும் குவிந்தன. லிமாவில் சர்ச் வாசலில் நின்ற அதே கூட்டம். என்ன, இந்த முறை தபாலில் வந்தது.

அதிகாரிகளுக்குக் கதை இங்கேதான் கையை மீறியது.

அம்மா பாக்வந்தியைச் சபிதோவின் கணக்குப்படி எதிர்மறைப் பாத்திரமாகத்தான் படைத்திருந்தார்கள். புருஷன் குடித்தாலும் அடித்தாலும் வாய்மூடிக் கிடந்தால் இந்தக் கதிதான், இப்படி இருக்காதீர்கள் என்று பெண்களுக்குச் சொல்வதற்காக. அர்விந்த் சிங்கலும் எவரெட் ரோஜர்ஸும் பின்னால் ஆய்வு செய்தபோது தெரியவந்தது என்ன? கணிசமான பெண்கள் பாக்வந்தியைத்தான் தங்களுக்கு முன்மாதிரி என்றார்கள். ‘எவ்வளவு பொறுமை, எப்படிக் குடும்பத்தைக் கட்டிக் காக்கிறாள்’ என்று! எழுதினவர்கள் பரிதாபத்தைக் கொடுத்தார்கள், பார்த்தவர்கள் மரியாதையை எடுத்துக்கொண்டார்கள்.

இதைத் திட்டம் தோற்றதற்கு அத்தாட்சி என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. பாக்வந்தி மாதிரி முப்பது வருஷம் வாழ்ந்துவிட்ட ஒருத்தியிடம், ‘நீ வாழ்ந்தது தப்பு’ என்று டிவி சொன்னால் அவள் எப்படி ஒப்புக்கொள்வாள்? தன் பாட்டை ஒருவராவது திரையில் காட்டினார்களே என்பதே அவளுக்குப் பெரிசு. அதே சமயம், குடிகாரனைச் சகித்துக்கொள்வதைப் பெருமையாக்கிக் கொடுத்த பாவத்தில் அந்தத் தொடருக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. இரண்டும் உண்மை. லிமாவில் ரசிகையின் பிரியம் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது. டெல்லியில் அதே பிரியம் சிலரை அடுக்களையிலேயே உட்காரவைத்தது.

சரி, நம் ஊரில்? அந்த ஆய்வுக்கு டெல்லி, புனே வட்டாரங்களோடு சென்னை வட்டாரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். வடக்கே அத்தனை பேர் உருகிய தொடர், இங்கே பெரிதாக எடுபடவில்லை. பாஷை ஒரு காரணம். நமக்கென்று செவ்வாய்க்கிழமை நாடகமும் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் இருந்தன. ஆனால் அதற்காக, நாமென்ன விவரமானவர்கள் என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். 1987-ல் ‘ராமாயண்’ வந்தபோது அதே ஹிந்தி நமக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. கதை தெரிந்த கதையாச்சே. 1999-ல் ‘சித்தி’, பிறகு ‘மெட்டி ஒலி’, 2003-ல் ஆரம்பித்து 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’. அபிக்காகக் கண்ணீர் விட்டு, ஆதியைச் சபித்த வீடுகள் எத்தனை! அந்த நேரத்தில் காலிங் பெல் அடித்த விருந்தாளிக்குக் கிடைத்த வரவேற்பு பலருக்கு ஞாபகம் இருக்கும். பெருவின் வேலைக்காரப் பெண்ணையும் டெல்லியின் பாக்வந்திகளையும் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை கிடையாது.

‘ஹம் லோக்’ 156 பகுதிகளோடு 1985 டிசம்பர் 17 அன்று முடிந்தது. ஜோஷி அடுத்து ‘புனியாத்’ எழுதப் போனார். மரியாவும் எஸ்தபானும், அதாவது சாபி கமாலிச்சும் ரிகார்டோ புளூமேயும், பிற்பாடு மெக்சிகோவுக்கே போய் அங்கே நடித்து வாழ்ந்தார்கள். அவர் 2017-லும் இவர் 2020-லும் காலமானார்கள். நிஜத்தில் அவர்கள் தம்பதி இல்லை.

பட்கியின் கதை வேறு. டாக்டர் அஸ்வினியைக் கட்டிக்கொள்ளச் சொல்லி ஊரே சிபாரிசு செய்த சீமா பார்கவா, நிஜத்தில் கைப்பிடித்தது அதே தொடரில் டோனி என்ற சின்ன வேஷத்தில் வந்த மனோஜ் பாவாவை. அந்தக் கல்யாணத்துக்கு எந்த ஊரிலும் கடையடைத்ததாகத் தகவல் இல்லை.