கலால்: ஆளின் பெயர் வரிக்கு

புதுச்சேரியில் மதுக்கடை நடத்தக் கலால் துறையின் உரிமம் வேண்டும். பெட்ரோல் விலைச் செய்தியிலும் ‘மத்திய கலால் வரி’ தலைகாட்டுகிறது. சாராயத்துக்கும் பெட்ரோலுக்கும் என்ன உறவு?

வடக்கே ‘கலால்’ வரியன்று, ஆள்: சாராயம் காய்ச்சி விற்பவர். அது ஒரு சாதிப் பெயரும்கூட. ‘கல்யபாலர்’ என்ற வடசொல்லை மூலமாகக் காட்டுவர். விற்றவரின் பெயர் அவர் கட்டிய வரிக்கு ஏறி, பிறகு உள்நாட்டில் உற்பத்தியாகும் மற்றப் பொருள்களின் வரிக்கும் பரவியது.

தமிழ்நாட்டிலோ துறையின் பெயர் ‘மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை’. ‘ஆயம்’ கல்வெட்டுகளிலும் வரிப் பெயராக வழங்கிய பழஞ்சொல். எவருடைய குலப்பெயரையும் சுமக்காத ‘ஆயத்தீர்வை’ செய்தித்தாள்களுக்கும் ஏற்ற சொல்லே.