வானத்தில் ஒரு கூடம் இருந்தது

1958இல் உலகின் பெரிய விமான நிறுவனங்கள் சில ஒரு சாண்ட்விச்சை முன்வைத்து மோதிக்கொண்டன. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் ‘எக்கானமி’ என்ற மலிவான வகுப்பு அந்த ஆண்டுதான் வந்திருந்தது. அதில் வருபவர்களுக்கு எளிய சாண்ட்விச் மட்டும் கொடுத்தால் போதும் என்று நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி முடித்திருந்தன. ஆனால் ஸ்காண்டிநேவியாவின் எஸ்.ஏ.எஸ். நிறுவனம் ரொட்டித் துண்டை அடியில் பெயருக்கு வைத்து, அதன்மேல் நல்ல சாப்பாடு ஒன்றையே அடுக்கிக் கொடுத்தது. அமெரிக்காவின் பான் ஆம் புகார் செய்தது. விவகாரம் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவுக்குப் போனது. சாண்ட்விச் என்றால் ஆறியதாக இருக்க வேண்டும், பெரும்பகுதி ரொட்டியாக இருக்க வேண்டும், விலை உயர்ந்த மீனோ மீன்முட்டையோ அதில் இருக்கக் கூடாது என்றெல்லாம் விதி வகுத்தார்கள். எஸ்.ஏ.எஸ். அபராதமும் கட்டியது.

இவ்வளவு தூரம் போகக் காரணம் கட்டணம். 1945இல் ஹவானாவில் உருவான ஐயாட்டாவின் உறுப்பினர்கள் கூடித்தான் சர்வதேச வழித்தடங்களின் கட்டணத்தை முடிவு செய்தார்கள். அரசுகள் அதற்கு ஒப்புதல் கொடுத்தன. பம்பாயிலிருந்து லண்டனுக்கு எந்த விமானத்தில் ஏறினாலும் காசு ஒன்றுதான். விலையைக் குறைத்துப் பயணியை இழுக்க வழியில்லை என்றால், வேறு எதைக் காட்டி இழுப்பது? சாப்பாடு, இருக்கை, உபசரிப்பு. இன்றும் மூத்த பயணிகள் ஏக்கத்தோடு பேசும் அந்த முதல் வகுப்பு, நிறுவனங்களின் தாராள குணத்தில் விளைந்ததைவிட இந்தக் கட்டண விதியில் விளைந்தது அதிகம். பல பழங்கதைகளில் விட்டுப்போகும் செய்தி இது.

தொடக்கத்தில் முதல் வகுப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. விமானத்தில் ஏறக்கூடியவர்கள் எல்லோருமே வசதி படைத்தவர்கள். 1929இல் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து கராச்சிக்குச் சேவை தொடங்கியபோது பயணம் ஏழு நாள், கட்டணம் 130 பவுண்டு. நடுவில் ஐரோப்பாவில் கொஞ்ச தூரம் ரயிலில் வேறு போக வேண்டியிருந்தது. 1939இல் பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 314 ‘பறக்கும் படகு’ அட்லாண்டிக்கைக் கடந்தபோது ஒருவழிக் கட்டணம் 375 டாலர். அதில் மேசை விரிப்போடு கூடிய சாப்பாட்டு அறை இருந்தது, இரவில் படுக்கையாக மாறும் இருக்கைகள் இருந்தன, வால் பகுதியில் புதுமணத் தம்பதிகளுக்கென்று ஒரு தனி அறைகூட இருந்தது. 1952 மே மாதம் அட்லாண்டிக் தடத்தில் ‘டூரிஸ்ட்’ வகுப்பு வந்தது. கீழே ஒரு வகுப்பு வந்த பிறகுதான் மேலே இருந்தது ‘முதல்’ ஆனது.

இந்தியாவின் கதை சென்னையையும் தொட்டுக்கொண்டு தொடங்குகிறது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா ஒரு சிறிய புஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளைக் கொண்டுவந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மறுநாள் மதராஸ் வந்து சேர்ந்தார். பதினாறு ஆண்டுகளுக்குள் அந்தத் தபால் கம்பெனி ஏர் இந்தியாவாகி, வெளிநாட்டுக்குப் பறக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. 1948 ஜூன் 8 இரவு ‘மலபார் பிரின்சஸ்’ என்ற லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் 35 பயணிகளோடு பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குக் கிளம்பியது. கட்டணம் 1,720 ரூபாய். அன்றைக்கு ஒரு நடுத்தரக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாத தொகை அது. நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

புது நாட்டின் புது விமானத்துக்கு முகம் ஒன்று தேவைப்பட்டது. அது ஏற்கெனவே தயாராக இருந்தது. நிறுவனத்தின் வணிகப் பிரிவில் இருந்த பாபி கூக்காவும், ஜே. வால்ட்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்தின் ஓவியர் உமேஷ் ராவும் 1946இல் உருவாக்கிய மகாராஜா பொம்மை அது. பெரிய தலைப்பாகை, முறுக்கிய மீசை, நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வரவேற்கும் தோரணை. விமானத்தில் பயணிகளுக்குக் கொடுக்கும் குறிப்புத்தாளில் அச்சிடத்தான் முதலில் வரைந்தார்கள். அங்கிருந்து அவர் கிளம்பி பாரிஸ், ரோம், நியூயார்க் சுவரொட்டிகளில் எல்லாம் ஏறிவிட்டார். அரசர்களின் ஆட்சி முடிந்துகொண்டிருந்த காலத்தில், விருந்தாளிக்குத் தலை வணங்கும் அரசர் ஒருவரை ஒரு நாடு தன் அடையாளமாக வைத்துக்கொண்டது.

ஆனால் அந்தச் சேவையின் உயிர் பொம்மையில் இல்லை, ஜே.ஆர்.டி.யின் கண்ணில் இருந்தது. 1953இல் நிறுவனம் அரசுடைமையானது. அதற்குப் பிறகும் 1978 வரை அவரே தலைவர். ஒவ்வொரு பயணத்திலும் கையில் குறிப்பேடு. திரைச்சீலையின் நிறம், நாற்காலி சாயும் கோணம், தேநீருக்கும் காபிக்கும் நிறத்தில் வித்தியாசமே தெரியவில்லை என்ற குறை, எல்லாவற்றையும் எழுதி அதிகாரிகளுக்கு அனுப்பிவிடுவார். முதலாளி வேலை பார்ப்பது வேறு, வீட்டுக்காரர் விருந்தாளியைக் கவனிப்பது வேறு. அரசு நிறுவனம் ஒன்றுக்குள் இந்த இரண்டாவது கவனிப்பை ஒரு மனிதர் கால் நூற்றாண்டு காப்பாற்றினார் என்பதுதான் வியப்பு.

1960இல் போயிங் 707 வந்தது. பிப்ரவரியில் முதல் விமானம், மே மாதம் நியூயார்க் சேவை. 1962க்குள் ஏர் இந்தியா முழுக்க ஜெட் விமானங்களால் ஆன நிறுவனமாகிவிட்டது. அந்த விமானங்களுக்கு நந்தா தேவி, கௌரிசங்கர், அன்னபூர்ணா என்று இமயச் சிகரங்களின் பெயர்கள். பம்பாயில் ஓவியர்களின் படைப்புகளை நிறுவனம் 1950களிலேயே வாங்கத் தொடங்கியிருந்தது. பி. பிரபா, எம்.எஃப். ஹுசைன், வி.எஸ். கெய்ட்டொண்டே என்று இன்று கோடிகளில் விலை போகும் பெயர்கள் பலவும் அன்று உலகெங்கும் இருந்த ஏர் இந்தியா டிக்கெட் அலுவலகங்களின் சுவர்களில் தொங்கின.

1967இல் முதல் வகுப்புப் பயணிகளுக்குப் பரிசாகக் கொடுக்க ஒரு சாம்பல் கிண்ணம் வேண்டியிருந்தது. நிறுவனம் நேரே ஓவியர் சால்வடார் டாலியிடம் போனது. அவர் பீங்கானில் நடுவே ஒரு சிப்பியும், அதைச் சுற்றி ஒரு பாம்பும் வைத்து, அதைத் தாங்க அன்னப்பறவையும் யானையும் கொண்ட ஓர் உருவத்தைச் செய்தார். நேராகப் பார்த்தால் அன்னம். தலைகீழாகப் பார்த்தால் யானைத் தலை. கூலியாக டாலி கேட்டது ஒரு யானைக்குட்டி. ஏர் இந்தியாவும் கொடுத்தது! பெங்களூரிலிருந்து குட்டி ஒன்று ஜெனீவாவுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து சாலை வழியாக ஸ்பெயினில் டாலி வாழ்ந்த கடற்கரைப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

இந்தக் காலத்தின் உச்சம் 1971 ஏப்ரல் 18. ‘எம்பரர் அசோகா’ என்ற முதல் போயிங் 747 பம்பாய்க்கு வந்த நாள். விமானப்படையின் இரண்டு மிக்-21 விமானங்கள் கூடவே பறந்து அழைத்துவந்தன. ஜன்னல் ஒவ்வொன்றையும் சுற்றி வெளிப்புறத்தில் ராஜஸ்தான் அரண்மனைகளின் ஜரோக்கா மாடம் வரையப்பட்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மாடங்கள் வரிசையாக நிற்கும் அரண்மனை ஒன்று ஓடுதளத்தில் இறங்குவது போலத் தெரியும். மலைகளுக்குப் பதில் பேரரசர்கள் இப்போது பெயர் தந்தார்கள்: ஷாஜஹான், விக்ரமாதித்யா, அக்பர். அந்த வரிசையில் ‘எம்பரர் ராஜேந்திர சோழா’வும் இருந்தார். கடல் கடந்து கடாரம் வரை படை அனுப்பிய அரசனின் பெயர் உலகம் சுற்றும் விமானம் ஒன்றின் மூக்கில் எழுதப்பட்டிருந்தது என்பதை இன்று தமிழகத்தில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

முதல் வகுப்பிலிருந்து ஒரு சுழல் படிக்கட்டு மேலே ஏறும். மேல் தளத்தில் மகாராஜா லவுஞ்ச். அங்கே யாருக்கும் சொந்த இருக்கை எண் கிடையாது. சோபாக்களும் ஒரு பாரும்தான். சாப்பாடு முடிந்ததும் பயணிகள் மேலே வந்து உட்கார்ந்து பேசுவார்கள். சாரி கட்டிய பணிப்பெண்கள் கோப்பையை நிரப்பிக்கொண்டிருப்பார்கள். பழைய வீடுகளில் வந்தவர் போனவர் எல்லோரும் உட்காரும் கூடம் ஒன்று இருக்குமே, அதைப் போன்ற இடம் அது. பான் ஆம், குவான்டாஸ் விமானங்களிலும் மேல் தளம் இப்படித்தான் இருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு படி மேலே போய் தன் 747 விமானத்தின் சாதாரண வகுப்பில் மின்சாரப் பியானோவே வைத்தது. டிக்கெட் வாங்கியவர்கள் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள், சந்திக்க விரும்புவார்கள் என்ற நம்பிக்கையில் அந்த விமானங்களை வடிவமைத்தார்கள்.

அந்த நாட்களை அப்படியே பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. கான்ஸ்டலேஷனின் நான்கு விசிறி எஞ்சின்கள் இரவு முழுவதும் காதில் இரையும். டாலியின் கிண்ணம் அழகுதான், ஆனால் மூடிய விமானம் முழுக்கப் புகை சூழ்ந்திருந்ததற்கும் அதுவே சாட்சி. 707 விமானத்தின் முதல் வகுப்பு நாற்காலி நன்றாகச் சாயும், கட்டிலாகாது. எல்லாவற்றுக்கும் மேலே, உயிர்ப் பாதுகாப்பு. லண்டனுக்கு முதல் பயணம் போன அதே மலபார் பிரின்சஸ், 1950 நவம்பர் 3 அன்று மோன் பிளாங்க் மலையில் மோதியது; 48 பேரும் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கப்பலில் வேலைக்குச் சேரப் போன இந்திய மாலுமிகள். 1966 ஜனவரியில் அதே மலையில் ‘காஞ்சன்ஜங்கா’ விமானம் மோதி அணு விஞ்ஞானி ஹோமி பாபா உட்பட 117 பேர் போனார்கள். எம்பரர் அசோகாவே 1978 புத்தாண்டு இரவில் பம்பாயிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் கடலில் விழுந்தது, 213 பேர். ஏக்கம் பேசும் எவரும் இந்த எண்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கூடத்தை முதலில் அடைத்தது எண்ணெய். 1973இல் கச்சா எண்ணெய் விலை ஏறியபோது, மேல் தளத்தில் சும்மா கிடக்கும் சோபாக்கள் நிறுவனங்களின் கண்ணை உறுத்தின. ஒன்றன்பின் ஒன்றாக லவுஞ்சுகள் காணாமல் போய் இருக்கை வரிசைகள் முளைத்தன. பின்னால் வந்த 747 வகைகளில் சுழல் படிக்கட்டும் நேர் படிக்கட்டாக மாறியது. 1978இல் அமெரிக்கா உள்நாட்டு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது. அந்த அலை மெல்ல உலகெங்கும் பரவியது. இனிமேல் விலையிலேயே போட்டி போடலாம் என்றானபோது சாண்ட்விச்சுக்குச் சண்டை போட யாருக்கும் அவசியம் இல்லை. அதே ஆண்டுகளில் முழுக் கட்டணம் கொடுக்கும் வணிகப் பயணிகளுக்காக ‘பிசினஸ் கிளாஸ்’ பிறந்தது. முதல் வகுப்பின் வாடிக்கையாளர்களை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

இந்தியாவில் இன்னொரு மாற்றமும் நடந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் கூட்டம் விமானங்களை நிரப்பியது. தலைப்பாகை மகாராஜா கொத்தனாரையும் ஓட்டுநரையும் செவிலியரையும் சுமக்கத் தொடங்கினார். 1990இல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, ஏர் இந்தியா இரண்டு மாதம் ஜோர்டானின் அம்மானுக்கும் பம்பாய்க்கும் இடையே இடைவிடாமல் பறந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஊர் கொண்டுவந்து சேர்த்தது. 488 விமானப் பயணங்கள் என்பது பதிவான கணக்கு. டாலியின் கிண்ணத்தைவிட, ஜரோக்கா ஜன்னலைவிட, அந்த நிறுவனத்தின் வரலாற்றில் பெருமைக்குரிய பக்கம் இதுதான்.

அதற்குப் பிறகு ஆடம்பரம் குறையவில்லை; திசை மாறியது. 1990களின் நடுவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதல் வகுப்பில் முழுக்கப் படுக்கக்கூடிய இருக்கையைக் கொண்டுவந்தது. 2000இல் அதே நிறுவனம் பிசினஸ் வகுப்பிலும் அதைத் தந்தது. முதல் வகுப்பின் கழுத்தை நெரித்த கண்டுபிடிப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இந்த இரண்டாவது கட்டிலைத்தான் சொல்ல வேண்டும். ஒரு வகுப்பு கீழேயே நிம்மதியாகப் படுத்துத் தூங்க முடிகிறதென்றால், மேல் வகுப்புக்கு எதற்குக் கூடுதல் பணம்? பதிலாக முதல் வகுப்பு கதவு மாட்டிக்கொண்டது. 2007இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏ380 விமானத்தில் தனி அறைகள். அடுத்த ஆண்டு எமிரேட்ஸ் குளியலறையில் ஷவர். 2014இல் எதிஹாட் வரவேற்பறை, படுக்கையறை, குளியலறை என்று மூன்று பகுதிகள் கொண்ட ஒரு குடியிருப்பையே வானத்தில் விற்றது. எமிரேட்ஸ் ஏ380இன் பின்பகுதியில் நின்று பேசும் பார் ஒன்று திரும்பி வந்தது உண்மை. ஆனால் பெரும்போக்கு கதவின் பக்கமே. பக்கத்துப் பயணி யாரென்று தெரியாமலேயே இறங்கிப்போவதற்குத்தான் இன்று அதிகப் பணம் கொடுக்கிறார்கள்.

டெல்டா, யுனைடெட் போன்ற நிறுவனங்கள் நெடுந்தூர விமானங்களில் முதல் வகுப்பை எடுத்தேவிட்டன. இந்தியாவில் 2014 அக்டோபரில் நிதி அமைச்சகம் அரசு அதிகாரிகள் வெளிநாடுகளுக்கு முதல் வகுப்பில் போவதை நிறுத்தியது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாடாக்களிடம் வந்தது. அவர்கள் வாங்கிய புது ஏ350 விமானத்தில் 316 இருக்கைகள். அதில் 28 கதவு வைத்த பிசினஸ் அறைகள், முதல் வகுப்பு என்று எதுவும் இல்லை. 2024 ஏப்ரலில் கடைசி 747 மும்பையிலிருந்து கிளம்பியது, பிரித்தெடுக்கப்படுவதற்காக.

மிஞ்சியிருப்பது பொருட்கள். நிறுவனம் சேர்த்த சுமார் 4,000 கலைப்பொருட்கள் இப்போது தேசிய நவீன ஓவியக்கூடத்தின் பொறுப்பில் இருக்கின்றன. டாலியின் கிண்ணங்கள் ஏல மையங்களில் கைமாறுகின்றன. உணவுப் பட்டியல் அட்டைகள், விசிறிகள், சுவரொட்டிகள், பணிப்பெண்களின் சாரிகள் ஓய்வுபெற்றவர்களின் அலமாரிகளில் கிடக்கின்றன. ஓவியங்களோடு சேர்த்து இவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைக்க வேண்டும். கூடவே அம்மானிலிருந்து பம்பாய்க்கு 1990இல் வந்தவர்களின் நினைவுகளையும், அவர்கள் உயிரோடிருக்கும்போதே ஒலிப்பதிவு செய்து வைக்க வேண்டும். அந்த 488 பயணங்களில் வந்தவர்களில் தமிழர்கள் நிறைய.